கரி லாரி அக்கா

அந்த அக்காவிடம் ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "சுவா பக்கம் மழை கொட்டுதாம்" என்று யாராவது சொன்னால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பாள்: "பாத்தியா, கேட்டியா?"

கேட்டேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்த்தேன் என்றால் அதோடு விடமாட்டாள். "எங்க நின்னு பாத்த?" என்று அடுத்தது வரும்.

ஒருமுறை எங்களை வேலை வாங்குகிற மண்டோர், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில், அடுத்த வாரம் பங்கீட்டில் அரிசியைக் கூட்டித் தரப்போகிறார்கள் என்று அறிவித்தார். ஜப்பான்காரன் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்த காலம். ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா மட்டும் கேட்டாள்.

"மண்டோரே, மூட்டையைக் கண்ணால பாத்தீங்களா?"

"கிராணி சொன்னாரும்மா."

"கிராணி பாத்தாரா?"

"ஜப்பான்காரன் சொன்னானாம்லா."

"அப்ப அரிசி ஜப்பான்காரன் வாயிலதான் இருக்கு. நம்ம வாய்க்கு வர்றப்ப சொல்லுங்க."

அரிசி வரவில்லை. அதற்காக அக்கா யாரையும் கேலி செய்யவும் இல்லை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமையும் அவளுக்குக் கிடையாது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொன்னாள், அவ்வளவுதான்.

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் யாருமே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கு அக்கா, பெரியவர்களுக்கு தாயி. போர்டிக்சனிலிருந்து உள்ளே, சுவாவையும் தாண்டிப் போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, அவர் நாற்காலியில் ஒரு ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். கணக்கெழுதுகிற கிராணியும், ஆள் கட்டி மேய்க்கிற கங்காணியும் பழையபடியே இருந்தார்கள், குனிகிற அளவு மட்டும் கூடியிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர்தான் தோட்டத்து லாரியை ஓட்டினவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, முதல் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி என் கைக்கு வந்தது. அப்போது நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஓட்டத் தெரியும், மூடியைத் திறந்தால் ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு ஸ்டோரில் வேலை. உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்துகிற உருளை மெஷினைச் சுற்றுவாள். வீட்டுக்காரர் இருந்த காலத்தில், மதியம் வேலை முடிந்ததும் நேரே லாரிக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். அவருடைய இடது கட்டைவிரல் நகத்தை அந்த லாரிதான் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. இவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது எதுக்கு? இதக் கழட்டினா எது நிக்கும்? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் கெட்டிக்கார மெக்கானிக் ஆகிவிட்டார் என்று எங்களுக்குள் ஒரு சிரிப்பு உண்டு.

சரி, இனி நான் சொல்ல வந்த சேதிக்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்த பாவி நான்தான்.

சிரம்பானுக்கு ஷீட் ஏற்றிப் போயிருந்தேன். அந்த ஊர்த் தெமியாங்கில் ஒரு கோப்பிக் கடை. அங்கே கோப்பி ஆற்றுகிறவர் என் காதில் சொன்னார். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் கடைக்குப் பின்கட்டில் ஒளிந்திருக்கிறானாம். எங்கள் தோட்டத்து டிரைவர் பேதி கண்டு செத்துப்போனதாக அவன் சொன்னானாம். ஒரு எட்டு உள்ளே போய் அவனைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேரே தோட்டத்துக்கு வந்து, அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், கங்காணியிடம் போய்ச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் பொம்பளைகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கும்போது அக்கா கிழங்குக் கூடையோடு வந்து சேர்ந்தாள்.

"யாரு செத்தது?"

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. சொன்னேன்.

"நீ பாத்தியா தம்பி?"

"இல்லக்கா. கோப்பிக் கடைக்காரரு..."

"அவரு பாத்தாரா?"

"பின்கட்டுல ஒருத்தன் இருக்கானாம். அவன் சொன்னானாம்."

"அவன் பாத்தானா?"

"தெரியலக்கா."

கூடையை இறக்கி வைத்தாள். "மூணு வாய் தாண்டி வந்திருக்கு. மூணுல ஒருத்தனும் பாத்ததா நீ சொல்லல. இதுக்கா இவ்வளவு பேரு தலைய விரிச்சிருக்கீங்க? முடியக் கட்டிக்கிட்டுப் போங்க. போய் உலையப் பாருங்க."

போகவில்லை. மூலை வீட்டுப் பாட்டியம்மா, "அடியே, இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறியே" என்று திட்டினாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பலகை இடுக்கு வழியாகக் கிழங்கு நறுக்குகிற சத்தம்தான் வெளியே கேட்டது.

கங்காணியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்த மாதம் எங்கள் குடியிருப்பு லயத்தில் காய்ச்சல் ஏழெட்டு வீட்டைப் படுக்கப் போட்டிருந்தது. செத்தவனுக்குக் காரியம் செய்யாமல் விட்டால் ஆவி தோட்டத்தைச் சுற்றும், காய்ச்சல் இறங்காது என்று அவர் மனசார நம்பினார். பிணம் கைக்கு வராதபோது எங்கள் சனங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வைக்கோலில் ஆள் மாதிரி உருவம் கட்டி, செத்தவரின் சட்டையைப் போட்டுவிட்டு, அதற்கே எல்லாச் சடங்கும் செய்து எரித்துவிடுவது. அன்றைக்கே பெண்சாதியின் தாலியையும் இறக்கிவிடுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டு, சட்டை கேட்டு அவரே வந்தார்.

"தர முடியாது" என்றாள் அக்கா.

"தாயி, ஊரு நல்லா இருக்கணும்ல?"

"உயிரோட இருக்கிற ஆம்பளைக்குக் காரியம் பண்ணினா அவரு ஆயுசு என்னத்துக்கு ஆகும்? அதுக்கு யாரு ஜவாப்பு? நீங்களா? இந்தத் தம்பியா?"

கங்காணி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை தாண்டாது. அதுக்குள்ள நீ என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

"நாளைக்குச் சனிக்கிழமை. லாரி சிரம்பான் போகுது. நானும் போறேன். சொன்னவன் வாயாலயே கேட்டுட்டு வர்றேன். செத்தது நெசம்னா தாலி இறக்க நானே வந்து மணையில உக்காருறேன்."

லாரியில் டிரைவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது என்பது ஜப்பான்காரன் போட்ட சட்டம். மீறினால் என்ன ஆகும் என்று கிராணிக்குத் தெரியும். போன வாரம்தான் கணக்கில் ஏதோ பிசகு என்று எல்லார் முன்னாலும் அவர் கன்னத்தில் வாங்கியிருந்தார். அக்கா அவரிடம் போய், "லாரிக்கு வழியில கரி போட ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆளு நான்னு எழுதிக்கங்க" என்றாள். கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுதினார்.

கரி லாரியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. டிரைவர் அறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாயை நிறுத்தி, அதில் கரியைக் கொட்டி எரிப்போம். அதிலிருந்து வருகிற புகைவாயுவில்தான் என்ஜின் ஓடும். அடியில் தீ நன்றாகப் பிடிக்கும்வரை ஊதிவிடுவதற்கு, பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னக் காத்தாடி உண்டு. அது சுற்றினால்தான் தீ, தீ பிடித்தால்தான் வாயு, வாயு வந்தால்தான் லாரி.

சனிக்கிழமை காலையில் ஷீட்டெல்லாம் ஏற்றியாகிவிட்டது. எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே போட்டுக் காத்தாடி சுவிட்சைத் தட்டினேன். ஒரு முனகல்கூட இல்லை. இன்னொரு முறை தட்டினேன். துணி கருகி அணைந்துபோனது.

"மோட்டார் எரிஞ்சிடுச்சுக்கா" என்றேன்.

"கருகல் வாடை வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சிரம்பான்ல ஒரு பட்டறைக்காரரு சொன்னாரு, இந்த மாதிரி மோட்டாரு ரொம்ப நாள் தாங்காதுன்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வேடிக்கை பார்க்க வந்த கங்காணி கையைக் கூப்பிவிட்டார். "தாயி, இதுக்கு மேல என்ன வேணும்? அவன் ஆவிதான் வண்டிய மறிச்சுக்கிட்டு நிக்குது. போகாதேங்குது."

"அவரு லாரிய நிறுத்துற ஆளில்ல, கங்காணி ஐயா. ஓட வைக்கிற ஆளு. ஆவியா வந்திருந்தா இந்நேரம் காத்தாடி சுத்தியிருக்கும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு குச்சியை விட்டுக் காத்தாடி இறக்கையைத் தள்ளிப் பார்த்தாள். லேசாகச் சுற்றியது. "சிக்கல. ஹாரன அடி."

அடித்தேன். கொட்டகைக் கூரையில் இருந்த மைனா எல்லாம் பறந்தது.

"பேட்டரி உசுரோட இருக்கு. பியூசக் காட்டு."

கழற்றிக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பி அறுந்திருக்கவில்லை. அதன் பிறகு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே லாரி விளக்கின் பல்பு ஒன்று. அதில் இரண்டு வயரைப் பற்றவைத்திருந்தது. அவர் செய்தது. சயாமுக்குப் போகிற அன்றைக்கு, வண்டியில் ஏறுமுன் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு வயரை வண்டிச் சட்டத்து இரும்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சுவிட்சில் தொட்டாள். பல்பு எரிந்தது. வயர் போகிற வழியே பின்னால் போனாள். நடுவில் ஒரு இணைப்பு, அங்கேயும் எரிந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் மோட்டாரில் வயர் சேருகிற இடத்தில் தொட்டாள். எரிந்தது.

"கரண்டு மோட்டார் வாசல் வரைக்கும் வந்திடுச்சு."

"அப்ப மோட்டாருதான்கா! நான்தான் சொன்னேன்ல?"

"இரு. வந்தது வந்துச்சு. திரும்பிப் போக வழி இருக்கான்னு பாக்க வேணாமா?"

அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஷீட் இன்னும் கிளம்பவில்லை என்றதும் காட்டுக் கத்தல். பெல்ட்டில் கைவைத்துக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தான். கங்காணி குனிந்தவர் நிமிரவே இல்லை. அக்காவுக்கு இரண்டு கையிலும் வயர். பல்பு நடுவில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பல்பை அவன் பக்கமாக நீட்டி, பச்சைத் தமிழில் சொன்னாள்:

"சும்மா கத்திக்கிட்டு நிக்காம இதப் புடி."

அவனுக்குப் பாஷை புரிந்ததோ இல்லையோ, பல்பைக் கையில் வாங்கினான். அக்கா ஒரு வயரை மோட்டார் வாசலிலும், மற்றதைச் சட்டத்திலும் வைத்தாள். அவன் கையில் வெளிச்சம் வந்தது. "ஓ" என்றான். சட்டத்தில் வைத்த வயரை எடுத்து மோட்டாரின் உடம்பிலேயே வைத்தாள். வெளிச்சம் இல்லை. மறுபடி சட்டம், எரிந்தது. மறுபடி மோட்டார் உடம்பு, அணைந்தது. ஜப்பான்காரன் கத்துவதை விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"மோட்டாருக்கும் வண்டிக்கும் ஒட்டு விட்டுப்போச்சு" என்றாள் அக்கா. மோட்டாரைத் தாங்குகிற இரும்புப் பட்டையை விரலால் சுரண்டினாள். நகத்தில் கறுப்பாக ஒட்டியது. "இதுக்குத் தார் யாரு பூசினா?"

"நான்தான்கா. துரு பிடிக்குதேன்னு போன வாரம் பூசினேன்."

"மோட்டாரக் கழட்டிட்டா?"

"ஆமாக்கா. அடியில எல்லாம் நல்லா ரெண்டு தடவ பூசினேன்."

"நல்லா இருக்குடா சாமி! போன கரண்டு வண்டி இரும்பு வழியாத் திரும்பி வர்ற வாசல்ல தாரை ஊத்தி அடைச்சிருக்க. இவ்வளவு நாளு அந்த ஆணி மட்டும் எப்படியோ தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. குண்டும் குழியுமா நீ ஓட்டின ஓட்டத்துல அதுவும் லொடலொடன்னு ஆயிடுச்சு. எரிஞ்சது மோட்டார் இல்ல, என் வயிறு."

ஒரு பால்வெட்டுக் கத்தியை வாங்கி, பட்டையில் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டினாள். ஆணியை நான் முறுக்கினேன். "இப்பத் தட்டு" என்றாள்.

காத்தாடி ஊளையிட்டுக்கொண்டு சுற்றியது. பீப்பாய்க்குள் கிடந்த பழைய சாம்பல் எல்லாம் குபீரென்று கிளம்பி, குந்தியிருந்த ஜப்பான்காரன் மூஞ்சியில் அப்பியது. சிரிக்கக்கூடாத இடம். கங்காணிக்கு அப்போது வந்த இருமலை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். ஜப்பான்காரன் முகத்தைத் துடைத்தான், பல்பை அக்காவிடம் கொடுத்தான், இவள் யார் என்று கிராணியிடம் கையால் கேட்டான். கிராணி சீட்டை நீட்டினார். கரி போடும் ஆள். போ என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

வழியில் அக்கா இரண்டு இடத்தில் இறங்கிக் கரி போட்டாள்.

தெமியாங்கில் கோப்பிக் கடையின் பின்கட்டு. அரிசிச் சாக்கை விரித்து ஒருவன் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே வாழையிலையை வைத்துக் கட்டியிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. அக்கா அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் அந்த டிரைவரோட சம்சாரம்."

அவன் அழுதான். "செத்துட்டாருங்கம்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"பேதிக்காரங்களப் போடுற கொட்டகையில பாத்தேன். அங்க போனவங்க திரும்பினது இல்லம்மா. மறுநாள் எங்கள வேற கேம்புக்கு ஓட்டிட்டுப் போயிட்டான்."

"நீங்க பாத்தப்ப உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்மா. என் குவளையிலதான்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, தனக்கென்று கட்டிக் கொண்டுவந்த அவித்த கிழங்கை அவனிடம் வைத்தாள். வெளியே வந்ததும் நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அக்கா, அந்தக் கொட்டகைக்குப் போனவங்க யாருமே..."

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?" என்றாள். "பத்துல ஒம்பது பேரு சாவான். அந்தப் பத்தாவது ஆளு இவருதான்னு நான் சொல்லல. இவரு இல்லன்னு சொல்ல யாரு இருக்கா? தண்ணி கேட்டுக்கிட்டு இருக்கிற மனுசன நான் கொளுத்தமாட்டேன், தம்பி."

ஞாயிற்றுக்கிழமை. கோயில் பக்கத்தில் வைக்கோல் உருவம் தயாராகப் படுத்திருந்தது. அக்கா சட்டை தராததால், கங்காணி தன்னுடைய வெள்ளைச் சட்டையையே போட்டுவிட்டிருந்தார். தாலி இறக்குகிற கிழவிகள் மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தார்கள். அக்கா வந்தாள். மணையில் உட்காரவில்லை. வைக்கோல் பக்கத்தில் மண்டி போட்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை உருவி, உதறி, மடித்துக் கங்காணி கையில் வைத்தாள்.

"உங்க சட்டைங்க. உசுரோட இருக்கிற ஆளு சட்டைய எரிக்கக்கூடாது. உங்க சட்டையும் சரி, அவரு சட்டையும் சரி."

"ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு தாயி!"

"இருக்கட்டும். சாவச் சொன்னவன நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். அவன் பாத்தது உசுரத்தான். உங்கள்ல யாராவது போய், இல்ல, பொணத்தப் பாத்தோம்னு வந்து சொல்லுங்க. நான் உக்காருறேன். அதுவரைக்கும் இந்தக் கழுத்துல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

வைக்கோலை அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளை ஒதுக்கித்தான் வைத்தார்கள். குழாயடியில் இவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். எந்த வீட்டில் காய்ச்சல் வந்தாலும் பழி இவள் மேல். இவள் பாட்டுக்குக் குங்குமத்தை வைத்துக்கொண்டு, உருளை மெஷினைச் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் அரை உயிரும் கால் உயிருமாக வரத் தொடங்கினார்கள். அவர் வரவில்லை. ஒரு மத்தியானம், வேறு தோட்டத்து ஆள் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு லயத்துக்கு வந்து அக்கா வீட்டைக் கேட்டார். நான்தான் கூட்டிப் போனேன்.

"புதைச்சவன் நான்தாம்மா" என்றார் அவர்.

அக்கா அவருக்குப் பலகை போட்டாள். "எங்க?"

"ஆத்தோரம். மூங்கில் புதரு பக்கத்துல."

"அவருதான்னு எப்படித் தெரியும்?"

"பேரு தெரியாதும்மா. எல்லாரும் டிரைவர்னுதான் கூப்பிடுவோம். மண்ணத் தள்ளுறப்ப கையப் பாத்தேன். இடது கை கட்டவிரல்ல நகமே இல்ல."

அக்கா அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவளுக்குக் கேள்வி தீர்ந்துபோய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "எனக்காக இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களே" என்று அவரைக் கும்பிட்டாள். சேதி பரவி, கிழவிகள் மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். வாசலிலேயே அவர்களை நிறுத்திவிட்டு, தாலியைத் தானே கழற்றிச் சாமி படத்தடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். கழுத்து வெறுமை. நெற்றி வெறுமை. இரண்டு கையிலும் சிவப்புக் கண்ணாடி வளையல் மட்டும் அப்படியே இருந்தது. கங்காணி தயங்கித் தயங்கி ஸ்டோர் வாசலுக்கு வந்தார்.

"தாயி, அந்த வளையலையும்..."

அக்கா மெஷின் பிடியில் கையை வைத்தாள்.

"தாலி அவரு கட்டினது, அவரோட போச்சு. வளையல் இந்த மெஷினச் சுத்தின கூலியில நான் வாங்கினது. மெஷின் செத்தா வந்து சொல்லுங்க, கழட்டுறேன்."